அப்பாவின் குழாய்க்குப் பூக் கேட்ட கதை

வீட்டில் ஒரே ஒருத்தி இன்ஜினியரிங் முடித்திருந்தால் போதும், எந்த டாக்டர் எதைச் சொன்னாலும் அர்த்தம் சொல்ல அவளைத்தான் முன்னால் தள்ளுவார்கள். எங்கள் வீட்டில் அது நான். (படித்தது சிவில். அதையும் அரியர் வைத்துத்தான் முடித்தேன்.)

அப்பா பசுவந்தனையில் உளுந்து போடுகிறவர். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் அவருக்குப் பலூன் மாதிரி வீங்கிவிட்டது. மதுரையில் ஆபரேஷன். டாக்டர் அம்மாவையும் என்னையும் உட்கார வைத்து விளக்கினார். வீங்கியதை மாற்றி முடிக்கும்வரை இதயத்தின் வேலையை ஒரு மெஷின் பார்க்கும். அந்த ரத்தம் உடம்புக்குள் திரும்ப ஒரு டியூப் சொருக வேண்டும். நெஞ்சில் அந்தப் பெரிய குழாயிலேயே சொருகலாம், தொடையில் சொருகலாம், வலது கக்கம் பக்கமும் சொருகலாம். ஸ்கேன் பார்த்துத்தான் தெரியும் என்றார்.

மூன்று வழி சொன்னாரா, தேர்ந்தெடுப்பது நம் வேலை என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

"ஏட்டி, எதுல வச்சா ஒங்கப்பா பொழைப்பாவ?" என்றாள் அம்மா.

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தெரியாது. "குலசாமிகிட்ட பூக் கேட்டுருவோம்மா" என்றேன்.

ஊரில் இருந்த அண்ணனைக் கோயிலுக்கு அனுப்பி, அங்கிருந்து வீடியோ கால். வழக்கமாகச் சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். பூசாரி எடுப்பதுதான் சாமி உத்தரவு.

"மூணு பொட்டலமா? மூணாவதுக்கு என்ன பூவ வைக்க?" என்று பூசாரி திகைத்தார்.

"செவ்வந்தி வைங்க அண்ணாச்சி! செவப்பு தொடை, வெள்ள கக்கம், மஞ்ச நெஞ்சு!" ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கத்தினேன். (கறிக்கடைக்கு ஆர்டர் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.) செவ்வந்தி வாங்க அண்ணன் கோவில்பட்டிக்கு பைக்கை விரட்டினான்.

சிவப்பு வந்தது. அம்மா அழுதாள். அப்பா கட்டிலில் படுத்தபடியே சிரித்தார். "நல்லதாப் போச்சு. தொடைன்னா வேட்டி மறைச்சிரும்லா."

மறுநாள் டாக்டரிடம் கம்பீரமாகச் சொன்னேன். "சார், தொடையிலயே வச்சிருங்க. சாமி உத்தரவு."

"சாமிக்கு ஸ்கேன் காட்டினீங்களா?" என்றவர், அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். "அம்மா, தொடைக் குழாய்க்குள்ள பூரா கொழுப்புப் படிவு. அங்கேருந்து ரத்தத்தை மேல தள்ளினா, அது பெயர்ந்து மூளைக்குப் போயிடலாம். இவருக்குக் கக்கம் பக்கம்தான் பத்திரம்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் செல்போனைப் பார்த்தேன். "செய்யுங்க சார்" என்று கடைசியில் அவளேதான் சொன்னாள்.

டியூப் வைத்த இடத்தில் ஒரு கோளாறும் இல்லை. மெஷினை நிறுத்தியபோது அப்பாவின் இதயம்தான் திரும்ப ஓட மறுத்துவிட்டது. (இந்த ஒரு வரியை டைப் செய்ய மட்டும் இவ்வளவு நேரம்.)

இப்போதும் வீட்டில் எது வாங்கக் கிளம்பினாலும் அண்ணன் என்னை வம்புக்கு இழுப்பான். "ஏட்டி, தொடையா கக்கமா?" எல்லோரும் சிரிப்போம். அம்மாவும்தான்.

ஒருநாள் அவள் சிரிக்கிற தைரியத்தில் கேட்டுவிட்டேன். "சாமி சொன்னபடி தொடையிலயே வச்சிருக்கலாம்னு நெனைக்கியாம்மா?"

"டாக்டர் சரியாத்தான் வச்சாவ. நாமதாம்ட்டி தப்பாக் கேட்டுட்டோம்" என்றாள் அம்மா. "குழாய எங்கன வைக்கன்னு கேட்டோம். மனுசன் வீட்டுக்கு வருவாவளான்னு கேக்க ஒரு பொட்டலம் மடிக்கலயே."