கொழுந்தன் நிறுத்திய சிக்னல்

சென்னையில் உட்கார்ந்துகொண்டு வானத்துக்குப் படம் ஏற்றி அனுப்பும் என் கொழுந்தப்பிள்ளை முத்துகிருஷ்ணனுக்கு, இடைசெவல் மதினி பாலம்மாள் தலை நிமிர்ந்து எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அண்ணனும் ஆடுகளும் சுகம். உன் சுகத்தைக் கேட்கவில்லை. டிவி தெளிவாக வருகிற அன்றைக்கு நீ சுகம் என்று எடுத்துக்கொள்கிறேன். போன் போட்டால் "டூட்டியில இருக்கேன் மதினி"ன்னு வைத்துவிடுகிறாய். அதனால்தான் உளுந்துப் பையோடு இந்தக் கடிதம்.

உனக்கு ஏற்கெனவே ரெண்டு இடம் ஏன் தட்டிப்போனது என்று உனக்கே தெரியும். "டிவியில வேலைங்குதீய, ஒரு நாளாவது மாப்பிள்ளை மொகம் தெரிஞ்சிருக்கா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்கள். இந்தத் தடவை விடக்கூடாது என்று, நீ பொங்கலுக்கு வந்தபோது சொல்லித்தந்த சேட்டிலைட்டுப் பேரையெல்லாம் ஆட்டுக்குப் பின்னால் நடந்தே மனப்பாடம் பண்ணினேன். அஞ்சாங்கிளாசில் இப்படிப் படித்திருந்தால் நான் இந்நேரம் கலெக்டர்.

ஞாயிற்றுக்கிழமை நாகலாபுரம் வன்னியபெருமாள் அண்ணாச்சி நம்ம வீடு பார்க்க வந்தார். அவருக்கு முழங்கால் வலி. அதனால் மகள் உமாதேவிதான் ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கினாள். பரிசம் போடுமுன்னே பொண்ணு மாப்பிள்ளை வீட்டு வாசற்படியை மிதிக்கக்கூடாதே, முற்றத்து வேம்படியிலேயே நின்றுகொண்டாள். அண்ணாச்சி காப்பியை வாங்கினார், ஓடுகிற டிவியைப் பார்த்தார், ஆரம்பித்துவிட்டார்.

"ஏந்தாயி, நானும் தெனம் பாக்கேன். மாப்பிள்ளை மொகத்தக் காணலியே?"

"லோடு வந்து எறங்குனா சரக்கப் பாப்பியளா, டிரைவர் மொகத்தப் பாப்பியளா அண்ணாச்சி? கீழேருந்து சேட்டிலைட்டுக்கு ஏத்துதது அப்லிங்க். அங்கன வாங்கித் திருப்பி விடுதது டிரான்ஸ்பாண்டர். பெறவு நம்ம வீட்டுக்கு வாரது டவுன்லிங்க். இதுல ஏத்துதது எங்க கொழுந்தன்!"

"அப்போ எறக்குதது ஆரு?"

"முத்தத்துல நிக்குதே டிஷ்ஷு, அதான்."

"சொல்லுதது லேசு தாயி. கண்ணால பாத்தாத்தான நம்ப முடியும்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, படம் கட்டம் கட்டமாக உடைந்து, நாடகத்து மாமியார் மூக்கு ஒரு பக்கம் கண் ஒரு பக்கம் என்று நின்று, ஒரேயடியாகப் போய்விட்டது. 'சிக்னல் இல்லை' என்ற எழுத்து மட்டும் நிற்கிறது. உன் அண்ணன் செட்டாப் பாக்ஸைத் தட்டக் கையை ஓங்கிவிட்டார். மூணாவது இடமும் போச்சே என்றுதான் நினைத்தேன். ஆனாலும் இந்த வாய் சும்மா இருக்குமா?

"ஏங்க, தொடாதிய! ஒங்க தம்பிதான் நிறுத்தியிருக்கான். பொண்ணு வீட்டாளு வந்திருக்கையில டிவி பாத்துக்கிட்டா இருக்கதுன்னு, ஒரு மரியாதைக்கு."

அண்ணாச்சி டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப ஊரு டிவியெல்லாமா நின்னிருக்கும்?"

"தமிழ்நாடே இருட்டுலதான் அண்ணாச்சி இருக்கு."

தனக்காகத் தமிழ்நாட்டையே நிறுத்திவைத்த மாப்பிள்ளை என்றதும் மனுசன் நிமிர்ந்து உட்கார்ந்தார் பாரு! உன் சம்பளத்தைக் கேட்கவில்லை, நிலத்தைக் கேட்கவில்லை, சொந்தபந்தம் எல்லாம் பேசி முடித்து, "பரிசத்துக்கு நாள் பாருங்க" என்று துண்டை உதறி எழுந்தார். எழுந்த அதே நேரம் திரையில் பொடிக் கட்டமாக ஓடி, பிறகு கண்ணாடி மாதிரி படம் வந்து நின்றது. அண்ணாச்சி டிவியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "போய்ட்டு வாரேன் மாப்பிள்ளை!"

எனக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை. சீக்கிரம் லீவு சொல்லிவிட்டு வா. இது மதினி வாயால் முடிந்த கல்யாணம் என்பதைப் பேரன் பேத்தி எடுத்த பிறகும் மறக்காதே. பருவத்து மழை கண்ட கரிசல் மாதிரி உன் குடும்பம் செழிக்கட்டும். உன் அண்ணன் "கேட்டேன்னு எழுது" என்றார். இந்த வாரம் அவர் பேசியதே அவ்வளவுதான்.

இப்படிக்கு,
மதினி பாலம்மாள்

பின்குறிப்பு: வழியனுப்ப வெளியே போனேன். உமாதேவி கையெல்லாம் துரு. ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டே என் காதோரம் சொன்னாள்: "அக்கா, ஒங்க கிடா டிஷ்ஷுல முதுகு சொறிஞ்சு, அத ஒரு பக்கமாத் திருப்பிப் போட்டுட்டுது. நான் அப்பமே பாத்துட்டேன். ஒங்க பேச்ச எங்கய்யா வாயப் பொளந்து கேட்டுக்கிட்டிருந்தாவ, முடியட்டும்னு விட்டுட்டேன். பெறவு ஜன்னல் வழியா படத்தப் பாத்துப் பாத்து நாந்தான் திருப்பி வச்சேன். ஏத்துதது அவிய, எறக்குதது நானுன்னு சொல்லிருங்க." உன் கல்யாணத்துக்கென்று வளர்த்த கிடா அது. இனி அதன் மேல் கை வைக்க எனக்கு மனசு வராது. கறிக்கு நீ வேறு பார்த்துக்கொள்.