புது வண்டி ஸ்டார்ட் ஆகாமலிருக்க ஒரு வழி

புது வண்டி ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை என்று கண்டுபிடித்துச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நன்றாக ஓடுகிற புது வண்டியை ஸ்டார்ட் ஆகாமல் செய்வது எப்படி என்று சொல்லித் தர ஒருவர்கூடக் கிடையாது. அந்த ஆராய்ச்சியை நான் ஒண்டியாகச் செய்ய வேண்டியிருந்தது.

காரணத்தை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது.

ராயபுரத்தில் எங்கள் சந்தில் இதை வெளியே சொன்னால் வால்டர் என்ற பெயருக்கு அப்புறம் மரியாதை இருக்காது. முப்பத்திரண்டு வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன் நான். நாற்பது டன் கண்டெய்னரைக் கப்பலிலிருந்து தூக்கி, லாரியின் நான்கு மூலைப் பூட்டிலும் பிசகாமல் உட்கார வைத்தவன். கப்பல் வராத நேரத்தில் மேலே கூண்டில் உட்கார்ந்து நூலகத்துப் புத்தகங்களைத் தீர்த்தவன். ஆனால் கிரேன் தண்டவாளத்தில் போகிறது. எதிரே எதுவும் வராது. ஹாரன் அடித்தால் மனிதர்கள் ஓடுவார்கள். கார் விஷயம் அப்படியல்ல. லைசென்ஸ் என்னவோ இருக்கிறது. 1991-இல் ஒரு மைதானத்தில் இருபது அடி முன்னால் போய் வாங்கினேன். அன்றிலிருந்து தவறாமல் புதுப்பித்து, உறை போட்டுப் பாதுகாத்து வருகிறேன்.

ஓய்வு பெற்றதும் கார் வாங்குவேன் என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஓய்வு பெற்றுவிட்டேன். வேறு வழியில்லாமல் வாங்கினேன்.

ஷோரூம்காரர் லட்சுமணன் வண்டியை ஓட்டிவந்தார். எங்களுடையது முட்டுச் சந்து. கடைசி வீடு எங்கள் வீடு. வண்டியின் மூக்கு சந்துச் சுவரை முகர்ந்து பார்க்கிற மாதிரி நிறுத்திவிட்டுப் போனார். ஃபாதர் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். அதற்கப்புறம் ஆறு நாள், மாலை ஐந்து மணிக்கு வண்டியில் ஏறி, இஞ்சினைப் போட்டு, ஏசியைப் போட்டு, பாட்டைப் போட்டு, அரை மணி நேரம் கம்பீரமாக உட்கார்ந்திருந்து, இறங்கி வந்தேன். ஒருவரும் சந்தேகப்படவில்லை.

வெள்ளிக்கிழமை என் மனைவி ஜானட் அறிவித்தாள்.

"ஞாயித்துக்கெழம கரோலின் புள்ளைக்குப் புதுநன்மை. பத்து மணிக்குப் பூசை. பெரம்பூருக்கு நம்ப வண்டில போறோம்."

கரோலின் அவளுடைய தங்கை. புதுநன்மை என்பது பிள்ளைகள் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற விழா.

"ஆட்டோல போயிடலாமே."

"ஆட்டோல போறதுக்கா ஃபாதரக் கூட்டியாந்து தீர்த்தம் தெளிச்சே?"

"டிரெய்லர் லாரிங்க வரும் ஜானட். ரோடு சரியில்ல."

"முப்பத்திரண்டு வருசம் கப்பலையே எறக்கினேன்ற. ஒரு கார நகத்த மாட்டியா?"

"கப்பலை எறக்கல. கப்பல்லேர்ந்து எறக்கினேன்."

"இன்னாவோ எறக்கினே. ஒம்போது மணிக்குக் கெளம்பணும்."

இங்கே ஒரு குறிப்பு. ஜானட் தனியாக இருக்கும்போது என்னை 'நீ' என்பாள். நாலு பேர் முன்னால் 'நீங்க' என்பாள். முன்னது அன்பு. பின்னது ஆபத்து.

வண்டியோடு முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு கையேடு கொடுத்திருந்தார்கள். அதை முன்னட்டையிலிருந்து பின்னட்டை வரை படித்தவன் இந்தியாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கடைசி அத்தியாயத்தில் ஒரு பட்டியல். வண்டியின் அறிகுறி, அதற்குக் காரணம், அதற்குத் தீர்வு என்று மூன்று பத்திகள். மற்றவர்கள் இடமிருந்து வலமாகப் படிப்பார்கள். எனக்கு 'ஸ்டார்ட் ஆகவில்லை' என்ற அறிகுறிதான் தேவைப்பட்டது. ஆகவே நடுப் பத்தியை மட்டும் சமையல் குறிப்பு மாதிரி படித்தேன்.

பேட்டரி இணைப்பைத் தளர்த்தலாம். பக்கத்து வீட்டு ஹபீபுல்லா பானட்டைத் திறந்த நிமிடமே கண்டுபிடித்துவிடுவார். ஃபியூஸைப் பிடுங்கலாம். எது இஞ்சினுக்கு, எது ஏசிக்கு என்று பார்க்கப் பூதக்கண்ணாடி வேண்டும். மூன்றாவது காரணம்தான் என் மனதைக் கவர்ந்தது. கிளட்ச் மிதி அடிவரை அழுந்தவில்லை என்றால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. இந்தக் காலத்து வண்டிகளில் பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். அடியில் ஏதாவது தடுத்தால் போதும். சாவியைத் திருப்பினாலும் சத்தம் வராது. எதையும் உடைக்கவில்லை, அறுக்கவில்லை. அகிம்சை.

சனிக்கிழமை மாலை, படுக்கையறைக் கதவுக்கு முட்டுக்கொடுக்கிற ரப்பர் கட்டையை எடுத்துப்போய், கிளட்ச்சுக்குப் பின்னால் கால்விரிப்புக்கு அடியில் செருகினேன். ஏறி உட்கார்ந்து மிதித்தேன். பாதியில் நின்றது. சாவியைத் திருப்பினேன். நிசப்தம். அவ்வளவு இனிமையான நிசப்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

ஞாயிறு காலை கடல் காற்று எழுந்தது. படுக்கையறைக் கதவு தடால் தடால் என்று அடிக்க ஆரம்பித்தது.

"கதவுக் கட்டை எங்க?" என்றாள் ஜானட்.

"காத்துல போயிருக்கும்."

"ரப்பர் கட்டையா?"

"காத்து ஜாஸ்தி."

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு அந்தோணியார் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். காணாமல் போன பொருளைக் கண்டுபிடித்துத் தருவது அவருடைய இலாகா. "கோடி அற்புதரே, கட்டை எங்க கீதுன்னு காட்டிக் குடுங்க" என்றாள். நான் கவலைப்படவில்லை. பதுவை நகரத்துப் புனிதருக்குக் கிளட்ச் தெரிய நியாயமில்லை.

எட்டரை மணிக்குப் பட்டுப்புடவையில் வந்து ஏறினாள். நான் மிதித்தேன், திருப்பினேன். ஒன்றுமில்லை. கண்ணாடி முன் ஒத்திகை பார்த்திருந்த முகங்களை வரிசையாகக் காட்டினேன். முதலில் வியப்பு, அடுத்தது வருத்தம், கடைசியில் விதியை ஏற்ற பக்குவம்.

பல் தேய்க்கிற பிரஷ்ஷோடு ஹபீபுல்லா வந்துவிட்டார்.

"இன்னா மாமு, புது வண்டியே பேஜார் பண்ணுதா?"

"என்னான்னே தெரில பாய்."

"பானட்டத் தெற." திறந்தேன். உள்ளே பார்த்தார். அவர் முகம் மருத்துவர் முகமாக மாறியது. "பேட்டரி சோக்காத்தான் கீது. பெட்ரோல் கீதா?"

"கீது."

எதிர்வீட்டு வில்சனும் வந்தான். "இது ஏர் லாக்கு நைனா. கண்ண மூடிகினு சொல்லுவேன்" என்றான். அவன் பெரம்பூரில் ரயில் பெட்டி செய்கிறவன். ரயில் பெட்டிக்கு இஞ்சின் கிடையாது என்பதை நான் சுட்டிக்காட்டவில்லை.

"எறங்கு மாமு, நான் ஒரு தபா பாக்கறேன்" என்றார் ஹபீபுல்லா.

அவர் கால் வைத்தால் கட்டை தட்டுப்படும். "வாரண்டி போயிடும் பாய். பக்கம் இருநூத்தி எழுபத்தொண்ணு. சொந்தக்காரன் தவிர யாரும் குந்தக் கூடாது."

"அப்டியா எழுதிகிறான்?"

"இங்கிலீஷ்ல."

ஹபீபுல்லா மரியாதையாகப் பின்வாங்கினார். மணி எட்டே முக்கால். வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

"ஆட்டோ புடிச்சிடலாம் ஜானட். பூசைக்கு நேரமாவுது."

"இருங்க" என்றாள். அந்த 'ங்க' எனக்கு உறைத்திருக்க வேண்டும். "இந்தச் சந்துல செவுத்த இடிச்சிகினு நின்னா எந்த மெக்கானிக்கு உள்ள வருவான்? ரோட்டுக்குத் தள்ளிடலாம். ஹபீப்ணே, ஒரு கை குடுங்க. வில்சா, நாலு பேரக் கூப்புடு."

நாலு பேரைக் கூப்பிட்டால் பத்துப் பேர் வருகிற சந்து எங்களுடையது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பானட்டில் கை வைத்து, வண்டியைப் பின்பக்கமாகத் தள்ளினார்கள். நான் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தேன். இஞ்சின் ஓடாத வண்டியில் ஸ்டீயரிங் கல் மாதிரி இருக்கும். இரண்டு கையாலும் தொங்கினேன்.

உண்மையைச் சொல்கிறேன், பரவசமாக இருந்தது. எத்தனை வீட்டு வாசல், எத்தனை பக்கெட், எத்தனை கோழி, ஒன்றின்மேலும் இடிக்காமல் நகர்ந்தேன். அந்த வண்டியில் நான் கடந்த முதல் தூரம் அது. பாதி வழியில் முழங்கையை ஜன்னலில் வைத்துக்கொண்டேன்.

ரோட்டுக்கு வந்ததும் ஜானட் கையைத் தூக்கினாள். இரண்டு ஆட்டோவும் ஒரு தண்ணி லாரியும் நின்றன.

"இப்ப ஸ்டீயரிங்க ஒடிங்க. இன்னும் ஒடிங்க. வில்சா, அப்டியே மூஞ்சிய மூலக்கொத்தளம் பக்கமா திருப்பு. போதும்."

"எப்டி நிறுத்துனா இன்னாக்கா, ஓடாத வண்டிதான" என்றான் வில்சன்.

"பாக்கறதுக்கு லட்சணமா இருக்கட்டும்." பிறகு என்னிடம், "கொஞ்சம் எறங்குங்க. அந்தோணியார வேண்டிகினு நான் ஒரு தபா திருப்பிப் பாக்கறேன்."

"வாரண்டி..." என்றேன்.

"நானும் சொந்தக்காரிதான்."

வண்டிக்குப் பாதிப் பணம் அவள் போட்டது. இறங்கினேன். அவள் ஏறினாள். செருப்பைக் கழற்றினாள். தலையைக் குனிந்தாள். உதடு முணுமுணுத்தது. பத்துப் பேரும் பக்தியோடு அமைதியானார்கள். நிமிர்ந்தாள். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, என் சட்டைப் பையில் எதையோ போட்டாள். யாரும் பார்க்கவில்லை. எனக்குப் பார்க்கத் தேவையில்லை. ரப்பரின் கனம் நெஞ்சில் தெரிந்தது.

கிளட்சை மிதித்தாள். சாவியைத் திருப்பினாள். வண்டி உயிர் பெற்றது.

"யா அல்லா" என்றார் ஹபீபுல்லா.

கூட்டம் கைதட்டியது. இனி அவள் இறங்குவாள், நான் ஏறுவேன், அத்தனை பேர் முன்னாலும் என் குட்டு உடையும். அவள் இறங்கவில்லை. கைப்பையைத் திறந்து, சிவப்பு எழுத்தில் 'L' போட்ட ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து வில்சனிடம் கொடுத்தாள்.

"முன்னாடி கண்ணாடில ஒட்டுப்பா." பிறகு என்னிடம், "வந்து பக்கத்துல குந்துங்க. லைசென்ஸ் வெச்சிகிறீங்கல்ல?"

"எதுக்கு?"

"எல்.எல்.ஆர் காரங்க ஓட்டறப்ப லைசென்ஸ் உள்ளவங்க பக்கத்துல இருக்கணும். சட்டம்."

"அக்காக்குக் கத்துக் குடுக்கறாரு பாரு, நம்ப நைனா" என்றான் வில்சன், உண்மையான மரியாதையோடு. முப்பத்துச் சொச்சம் வருடம் புதுப்பித்த லைசென்ஸுக்கு அன்றுதான் வேலை வந்தது. ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டேன்.

முதல் கியர், இரண்டாம் கியர், மூன்றாம் கியர். ஒரு குலுக்கல் இல்லை. ராயபுரம் பாலம் தாண்டியதும் கேட்டேன்.

"எப்பக் கத்துகினே?"

"வண்டி புக் பண்ண வாரமே டோல்கேட்ல டிரைவிங் ஸ்கூல்ல சேந்துட்டேன். எட்டுச் செவ்வாக்கெழம."

"செவ்வாக்கெழம அந்தோணியார் கோயில் நொவேனா ஜெபத்துக்குல்ல போனே."

"போனேன். முடிச்சிட்டு அங்க போனேன். அந்தோணியார் கிட்ட சொல்லிட்டுத்தான். உங்கிட்டதான் சொல்லல."

'நீ' திரும்பிவிட்டது. கொஞ்சம் தைரியம் வந்தது.

"எனக்கு ஓட்டத் தெரியாதுன்னு எப்டித் தெரியும்?"

"ஆறு நாளா அதுல குந்திப் பாட்டுக் கேட்டுகினு கீறே. கிலோமீட்டர் முப்பத்தொண்ணுலயே நிக்குது."

"கட்டைய வெச்சது?"

"கதவு அடிச்ச மொத அடிலயே தெரியும். கிளட்ச் அமுங்கலன்னா ஸ்டார்ட் ஆவாதுன்னு மொத கிளாஸ்லயே சொல்லிட்டாங்க."

எனக்குக் கோபம் வந்தது. படித்தவனுக்கு வருகிற, தர்க்கத்தோடு கூடிய கோபம்.

"அப்பவே எடுத்திருக்க வேண்டிதானே? பத்துப் பேர எதுக்கு வேர்க்க விறுவிறுக்கத் தள்ள வெச்சே?"

ஜானட் ஹாரன் அடித்து ஒரு மீன்பாடி வண்டியைத் தாண்டினாள்.

"ரிவர்ஸ் எடுக்கறது வர்ற செவ்வாக்கெழமதான் சொல்லித் தராங்க."