மேடைக்கு ஒரு வெளிநாட்டுக்காரர்

"சார், போலந்து சாரை ஆஸ்பத்திரியில சேத்துட்டேன்" என்றார் மாநாட்டு விருந்தினரை அழைத்துவரப் போயிருந்த டிரைவர் அய்யம்பெருமாள், போனில்.

அறிவரசன் கையிலிருந்த பூங்கொத்து நழுவியது. "என்னங்க சொல்றீங்க? எங்க இருக்கீங்க?"

"திண்டிவனம் தாண்டி ரோட்டோரமா மிளகா பஜ்ஜி போட்டுக்கிட்டு இருந்தாங்க சார். நிறுத்து நிறுத்துன்னாரு. ஒண்ணு தின்னாரு, அழுதாரு. அழுதுக்கிட்டே இன்னும் நாலு தின்னாரு. இப்ப குளுகோஸ் ஏறிக்கிட்டு இருக்கு. இன்னிக்கு எந்திரிக்க மாட்டாருன்னு டாக்டரு சொல்லிட்டாரு."

அடப்பாவி மனுஷா! ஒரு பஜ்ஜியோடு நிறுத்தியிருக்கக் கூடாதா?

வெளியே பெரம்பலூர் நான்கு ரோட்டிலிருந்து கல்லூரி வாசல் வரைக்கும் பேனர் கட்டியிருந்தது. 'பொறியியல் கல்வி: சர்வதேச மாநாடு.' பேனர் முழுக்கத் தாளாளர் சின்னப்பராஜின் முகம்தான். விருந்தினர் படத்துக்கு அதில் இடம் இல்லை.

மாநாட்டுக்கு அங்கீகாரம் கொடுப்பதற்காகப் பல்கலைக்கழகம் அனுப்பிய பார்வையாளர் பூங்குழலி மேடம் முதல் ஆளாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்காத அம்மாள். அவர் சொன்ன விதி ஒன்றே ஒன்றுதான். மேடையில் வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கும் ஒருவராவது இருக்க வேண்டும். இல்லையென்றால் 'சர்வதேச' என்ற வார்த்தையை அடித்துவிடுவார்.

தாளாளர் சொன்ன விதி அதைவிடச் சுருக்கமானது. "அந்த வார்த்தை போச்சுன்னா உங்க வேலையும் போச்சு. இருந்துச்சுன்னா சாயங்காலமே வேலை நிரந்தரம்."

அறிவரசன் மெக்கானிக்கல் துறையில் தற்காலிக உதவிப் பேராசிரியர். முன்பு வேலை பார்த்த கல்லூரிகள் இரண்டும் பிள்ளைகள் சேராமல் மூடப்பட்டுவிட்டன. அதில் ஒன்று இப்போது கல்யாண மண்டபம்; அவனுக்குக் கல்யாணம் நடந்ததே அங்கேதான். மூன்றாவது தடவை நடுத்தெருவில் நிற்க அவனுக்குத் தெம்பு இல்லை.

விஷயத்தைச் சொன்னதும் தாளாளர் குதித்தார்.

"பஜ்ஜி தின்னு படுத்துட்டானா? எனக்கு அதெல்லாம் தெரியாது. மேடையில வெள்ளையா ஒரு ஆளு உக்காந்திருக்கணும்!"

"ஐயா, படுக்கையில இருந்தபடியே வீடியோவுல பேசச் சொல்லட்டுங்களா?"

"என்னமோ செய்ங்க."

பெரிய திரை இறங்கியது. அதில் போலந்துப் பேராசிரியரின் முகம் தெரிந்தது. கையில் குளுகோஸ் ட்யூப். 'வணக்கம்' சொல்ல வாயைத் திறந்தார். அத்தோடு நெட் நின்றுவிட்டது. திறந்த வாய் திறந்தபடியே திரை முழுக்க நிறைந்து நின்றது. மாணவர்கள் விசிலடித்தார்கள்.

தாளாளர் பொன்னாடையோடு எழுந்து நின்றுகொண்டிருந்தார். "இதை யாருக்குப் போத்துறது? அந்தத் திரைக்கா?" என்று பல்லைக் கடித்தார். "பல் டாக்டர் விளம்பரம் மாதிரி இருக்கு. அணைங்கய்யா அதை!"

அறிவரசன் ஓடிப்போய்த் திரையை அணைத்தான். அப்போதுதான் இயற்பியல் துறை ஆனி ரோஸ் அவனைத் தூண் மறைவுக்குக் கூப்பிட்டாள்.

"சார், எங்க ஏலாக்குறிச்சி பக்கத்துல பிரதர் மார்ட்டின்னு ஒருத்தர் இருக்காரு. பெல்ஜியத்துல பொறந்தவரு. தொழிற்பள்ளியில லேத்து வேலை சொல்லிக் குடுத்துட்டு இப்ப சும்மாதான் இருக்காரு."

"வெள்ளையா இருப்பாரா?"

"சுண்ணாம்பு மாதிரி இருப்பாரு சார்."

"தாயே, உனக்குக் கோயில் கட்டுறேன். உடனே வரச் சொல்லு!"

ஆனி ரோஸின் அண்ணன் காரை எடுத்துக்கொண்டு பறந்தான். ஏலாக்குறிச்சி என்ன பக்கத்துத் தெருவா? அரியலூர் வழியாக சிமெண்ட் லாரிகளுக்கு நடுவே புகுந்து வர வேண்டும். அதுவரைக்கும் கூட்டத்தைப் பிடித்து வைக்க வரவேற்பு நடனம் ஆடினார்கள். முடிந்ததும் மறுபடியும் அதையே ஆடச் சொன்னான் அறிவரசன். மூன்றாவது தடவை ஆடும்போது ஒரு பெண் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பூங்குழலி மேடம் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் அறிவரசனைப் பார்ப்பதுமாக இருந்தார்.

ஒரு வழியாகக் கார் வந்தது. இறங்கினார் பிரதர். ஆறடி உயரம், வெள்ளைத் தாடி, நீலக் கண்கள். அறிவரசனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டு இங்கிலீஷில் வரவேற்றான்.

"நல்லா இருக்கீங்களா தம்பி?" என்றார் பிரதர். "வூட்ல எல்லாரும் சௌக்கியமா? வர்ற வழியெல்லாம் ஒரே தூசி. மொதல்ல ஒரு டீ சொல்லுங்க."

அறிவரசன் அவரை ஓரமாக இழுத்தான். "பிரதர், மேடையில மட்டும் தமிழ் வேணாம். இங்கிலீஷ்ல பேசிடுங்க."

"இங்கிலீஷா? அது எனக்கு எப்பவுமே வராது தம்பி. எங்க ஊரு பாஷையும் பாதி மறந்துபோச்சு."

இதைத் தாளாளர் கேட்டுவிட்டார். முகம் சுருங்கியது.

"யோவ், முப்பது வருஷம் சிங்கப்பூர்ல குப்பை கொட்டுனவன்யா நான். வெள்ளைக்காரன் எப்படிப் பேசுவான்னு எனக்குத் தெரியாதா? இவன் என்னய்யா நம்ம மீன்காரன் மாதிரி பேசுறான்?"

பயத்தில் அறிவரசன் வாயில் வந்ததைச் சொன்னான். "உங்க மேல உள்ள மரியாதையில, ஐயா, ஒரு வாரத்துல தமிழ் கத்துக்கிட்டு வந்திருக்காருங்க."

சொல்லியிருக்கவே கூடாது. தாளாளர் பூரித்துப்போய் நேராக மைக்குக்குப் போனார். "என் மீது கொண்ட அன்பினால் ஒரே வாரத்தில் செந்தமிழ் கற்று வந்திருக்கும் வெளிநாட்டு அறிஞர் இப்போது பேசுவார்!" கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. மேடையில் குத்துவிளக்கு ஏற்ற வந்திருந்த தாளாளரின் மனைவி மதலேனம்மாள் மட்டும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பிரதரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரதர் மைக்கைத் தட்டினார்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. ஒரு வாரம்னு தாளாளர் சொல்றாரு. நான் இந்தப் பக்கம் வந்து நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. அவரு கடலைக்கொல்லையில நின்னப்பவே அவரை எனக்குத் தெரியும்."

அரங்கம் சிரிப்பில் அதிர்ந்தது. தாளாளர் சிரிக்கவில்லை. அறிவரசன் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆண்டவா, இந்த மனுஷன் சீக்கிரம் பேசி முடிக்கட்டும்! பிரதர் லேத்தைப் பற்றிப் பேசினார். மழை இல்லாததைப் பற்றிப் பேசினார். மாட்டுக்கு வந்த நோயைப் பற்றியும் பேசினார். பொறியியல் கல்வி கடைசிவரை வரவே இல்லை. ஆனாலும் பொன்னாடை போர்த்தியாகிவிட்டது, போட்டோவும் எடுத்தாகிவிட்டது. தப்பித்தோம் என்று அறிவரசன் மூச்சு விட்டான்.

பூங்குழலி மேடம் மேடைக்கு ஏறி வந்தார்.

"பேச்சு எப்படியோ போகட்டும். சாரோட பாஸ்போர்ட்டைப் பாக்கணும்."

"பாஸ்போர்ட்டா?" பிரதர் சட்டைப் பையைத் தடவினார். "நான் இந்தியப் பிரஜை ஆனப்பவே பழசைத் திருப்பிக் குடுத்துட்டேனேம்மா. ஆதார் இருக்கு பாருங்க. வோட்டர் ஐடி இருக்கு. ஒரு எலெக்‌ஷன் விட்டதில்ல, மொத ஆளாப் போயி நின்னுடுவேன்."

அறிவரசன் தலையில் அடித்துக்கொண்டான். வெள்ளையாக இருக்கிறாரா என்று கேட்டானே தவிர, வெளிநாட்டுக்காரரா என்று அவன் கேட்கவே இல்லை. அது தனியாகக் கேட்க வேண்டிய விஷயம் என்று யாருக்குத் தோன்றும்?

"அப்ப இவரு நம்ம ஊருக்காரரு" என்றார் பூங்குழலி மேடம். பேனாவைத் திறந்தார். "சாரி சார். மேடையில வெளிநாட்டுக்காரர்னு ஒருத்தரும் இல்ல. 'சர்வதேச'வை அடிச்சிடுறேன்."

"மேடம், ஒரு நிமிஷம்!" அறிவரசன் கெஞ்சினான். "போலந்து சாரை ஸ்ட்ரெச்சர்லயாவது கொண்டாந்துடுறேன். சாயங்காலம் வரைக்கும் பொறுங்க. என் பொழப்பே இதுல இருக்கு மேடம்."

"விதி விதிதான்."

தாளாளருக்கு ரத்தம் தலைக்கேறியது. மைக் அணைக்கவில்லை என்பதைக்கூட மறந்து கத்தினார்.

"ஒரு வேலை உருப்படியாச் செய்யத் தெரியுதா உனக்கு? உலகம் பூரா வெளிநாட்டுக்காரன் கொட்டிக் கெடக்கான். எனக்குன்னு ஒருத்தனைக் கொண்டாந்து நிறுத்த முடியல! நாளையிலேருந்து நீ இந்த கேட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது. எங்கய்யா வெளிநாட்டுக்காரன்? எங்கய்யா?"

அறிவரசன் தலையைக் குனிந்து, கழுத்தில் தொங்கிய 'ஒருங்கிணைப்பாளர்' அட்டையைக் கழற்றினான். கண் கலங்கிவிட்டது. பூங்குழலி மேடத்தின் பேனா தாளைத் தொடப் போனது.

மதலேனம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து வந்தார்.

"ஏங்க, சும்மா அந்தப் புள்ளையைப் போட்டுத் திட்டாதீங்க! திருச்சி ஏர்போர்ட்டுல ஒவ்வொரு தடவையும் என்னை இந்தியாக்காரங்க வரிசையில விட்டுட்டு, சிங்கப்பூர் பாஸ்போர்ட்டை நீட்டிக்கிட்டு வெளிநாட்டுக்காரங்க வரிசையில போயி நிக்கிறீங்களே, அது யாருங்க?"