முன்சில்லு மடங்கிய சனிக்கிழமை

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து, மழையில் நனைந்த கோழி கடதாசியில் நடந்த மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், எழுத்துப் பிழைகளும் இருக்கும். வாயால் சொல்லலாம்தான். ஆனால் நாலு பேர் கூடினால் என் வாய் திறக்காது. அந்த இடைவெளியில் என் மனைவி மலர் இந்தக் கதையைத் தொடங்கிவிடுவா. அவ சொல்லும் கதையில் ஒவ்வொரு வருடமும் சனம் கூடுகிறது. போன பொங்கலுக்குப் பொலிசும் வந்துவிட்டது. (பொலிஸ் வரவே இல்லை.) அதனால் நடந்ததை நானே எழுதுகிறேன்.

எங்கள் கலியாணத்தைப் பேசியவர் ஒரு தரகர். நான் அப்போது பலெர்மோவின் பிரான்காச்சோப் பக்கம் ஒரு வாகனம் திருத்தும் கராச்சில் வேலை. அவர் என் குறிப்பில் ‘மோட்டார் மெக்கானிக், இத்தாலி’ என்று எழுதிவிட்டார். உண்மையில் நான் அங்கே நிலம் கூட்டினேன். திருத்தச் சொல்ல வெட்கம். பிறகு சொல்லலாம் என்று விட்டேன். தாலி கட்டிய பிறகு அதை எந்த இடத்தில் சொல்வது?

2003இல் மலர் பலெர்மோ வந்து சேர்ந்தா. வந்து மூன்றாம் மாதம், அவவின் தமையன் குணம் மச்சான் ஒரு பழைய ஜீப்பை வாங்கிக்கொண்டு வந்தார். அவர் ஒரு மலைக்காட்டு வீட்டில் தோட்டவேலை செய்தார். அந்த மண் ரோட்டில் ஏற, நாலு சில்லும் இழுக்கிற வாகனம்தான் சரி. ஆனால் அந்த ஜீப்பின் முன்பக்கம் ‘கடக் கடக்’ என்று பல்லைக் கடித்தது.

“முன் அச்சிலை போல் ஜொயின்ற் பழுதாப் போட்டுதாம். மாத்த வேணுமாம்,” என்றார். “வீட்டிலை மெக்கானிக்கை வைச்சுக்கொண்டு வெளியிலை குடுப்பனே?”

மலர் என்னைப் பார்த்தா. நான், “ஓம், அது சின்ன வேலை,” என்றேன்.

(சின்ன வேலை! எனக்கு அப்போது போல் ஜொயின்ற் என்றால் சில்லில் இருக்கிறதா சீற்றில் இருக்கிறதா என்றே தெரியாது.)

அது முன்சில்லை அச்சோடு பிடித்து வைத்திருக்கும் உருண்டைத் தலை மூட்டு. பக்கத்துக்கு இரண்டு, மொத்தம் நாலு. சில்லு திரும்புவது அதில்தான். இதைக் கராச்சு முதலாளியிடம் கூச்சத்தோடு கேட்டுத் தெரிந்துகொண்டு, புதிது நாலும் வாங்கி வந்தேன்.

பலெர்மோவின் சீசாப் பகுதியில், எங்கள் மாடிவீட்டுக்குக் கீழே இருந்த முற்றத்தில் வேலை தொடங்கியது. பழைய மூட்டுகள் கறள் பிடித்து அச்சோடு அச்சாக இறுகிப்போயிருந்தன. நான் மேலே இருந்து அடித்தேன், கீழே இருந்து அடித்தேன், கண்ணை மூடிக்கொண்டும் அடித்தேன். மூன்றாம் மாடிக் கிழவி யன்னலைத் திறந்து மாதாவைக் கூப்பிட்டா.

மலர் தேத்தண்ணி கொண்டுவந்தா. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றா.

“இஞ்சாருங்கோ, அதிலை அடிச்சால் கழராது. அதைச் சுத்தியிருக்கிற இரும்பிலை பக்கவாட்டா அடிச்சால் இளகுமெல்லே?”

“இது இத்தாலி முறை,” என்றேன்.

அவ வெறுங்கோப்பையை எடுத்துக்கொண்டு மேலே போனா. யன்னல் சாத்தும் சத்தம் கேட்டதும் பக்கவாட்டாக அடித்தேன். மூன்றாவது அடியில் கழன்று விழுந்தது. அவவின் காதில் விழுந்துவிடும் என்று, கழன்ற பிறகும் பத்து நிமிடம் சும்மா அடித்தேன்.

இரண்டாம் நாள் பின்னேரம் நாலும் மாற்றியாயிற்று. புது மூட்டுகள் வந்த பெட்டிகளில் சின்னச் சின்னக் கம்பிகள் நாலு மிஞ்சிக் கிடந்தன. பெட்டி கட்டிய கம்பியாக்கும் என்று குப்பையில் போட்டேன்.

சனிக்கிழமை காலை குணம் மச்சான் ஜீப்பை ஓட்ட, நான் பக்கத்தில், மலர் பின்னால். ‘கடக் கடக்’ இல்லை. மச்சான் என் முதுகில் தட்டினார். அந்தச் சந்தோஷத்தில், “பல்லாறோச் சந்தைப் பக்கம் ஒருக்காப் போவம், எங்கடை ஆக்கள் பாக்கட்டும்,” என்று சொன்ன அறிவாளி நான்தான்.

சந்தை இருக்கும் அல்பெர்கேரியாவின் கல்லுப் பதித்த ஒழுங்கைக்குள் ஜீப் குலுங்கிக் குலுங்கி நுழைந்தது. கத்தரிக்காய்க் கடைக்கு முன்னால் ‘டொக்’ என்றது. ஜீப் என் பக்கம் முழந்தாள் போட்டது. எட்டிப் பார்த்தேன். முன்சில்லு, களைத்துப்போய்ப் படுத்த மாதிரி வெளிப்பக்கமாக மடங்கிக் கிடந்தது. ஒழுங்கை அடைபட்டது. பின்னால் ஹோர்ன், முன்னால் மீன் வண்டி.

கத்தரிக்காய்க்காரர் ஓடி வந்தார். “மீட்சிகா!” என்றார். சிசிலிக்காரரின் ‘ஐயையோ’ அது. “இதை எந்த மெக்கானிகோ திருத்தினது?”

மச்சான் விரலை என் பக்கம் நீட்டினார். எனக்கு அந்தக் கத்தரிக்காய்ப் பெட்டிக்குள் படுத்துவிடலாம் போல இருந்தது.

அதற்குள் மலர் இறங்கி, துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஜீப்புக்குக் கீழே தலையை விட்டுவிட்டா. உள்ளேயிருந்து குரல் வந்தது.

“இஞ்சாருங்கோ, பெட்டியளுக்குள்ளை சின்னக் கம்பி நாலு இருந்ததே?”

“இருந்தது… குப்பையிலை போட்டிட்டன்.”

“அதுதான் நட்டு கழராமல் குறுக்கை குத்திற கம்பி.” தலையை வெளியே நீட்டினா. “கராச்சிலை நீங்கள் என்ன வேலை செய்யிறனீங்கள்?”

ஹோர்ன்கள்கூட நின்ற மாதிரி இருந்தது.

“கூட்டிறனான்,” என்றேன். அது மட்டும் சொன்னால் குறைவாக இருக்கும் என்று, “கோப்பியும் போடுறனான்,” என்றேன்.

மச்சான் தலையில் கை வைத்தார். “என்ரை தங்கச்சியை மெக்கானிக்குக்கெண்டெல்லோ குடுத்தனாங்கள்!”

மலர் சொந்த ஊருக்குத் திரும்பிப் போகப்போறா என்றுதான் நினைத்தேன். கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறா என்று குனிந்து பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தா.

“நான் வந்து மூண்டாம் நாள் சைக்கிளுக்குக் காத்தடிக்கத் தெரியாமல் பாடுபட்டியளே, அண்டைக்கே எனக்குத் தெரியும்.”

“பிறகேன் பேசாமல் இருந்தனீர்?”

“எவ்வளவு தூரம் போறியளெண்டு பாத்தனான்.”

பிறகுதான் தெரிந்தது. பெற்றோல் கிடைக்காத காலத்தில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய பழைய வாடகைக் கார் ஒன்று மலரின் அப்பாவிடம், அதாவது என் மாமாவிடம், இருந்ததாம். தமையன் வெளிநாடு வந்த பிறகு, அந்தக் காருக்குக் கீழே மாமாவோடு படுத்தது மலர்தானாம்.

கத்தரிக்காய்க்காரர் வாகனம் தூக்கும் ஜக்கும் ஒரு குறடும் கொண்டுவந்து கொடுத்தார். மச்சான் ஒழுங்கையில் தவழ்ந்து, கழன்ற நட்டைத் தேடி எடுத்தார். மலர் மூட்டை ஏற்றி, நாலு நட்டையும் இறுக்கினா. கம்பிக்கு என்ன செய்வது? கொண்டையை அவிழ்த்தா. நாலு கொண்டையூசியை எடுத்துக் குறுக்கே குத்தி, குறட்டால் வளைத்துவிட்டா. சந்தையே கைதட்டியது. நானும் தட்டினேன். (வேறு என்ன செய்ய?)

“வீடு மட்டும் மெல்லமாப் போகலாம். நாளைக்குச் சரியான கம்பி போடுவம்,” என்று சொல்லி, சாவியைத் தான் வாங்கிக்கொண்டா. “அண்ணா, ஏறுங்கோ.”

“உன்னிலை நம்பிக்கை இருக்கு, பிள்ளை,” என்றார் மச்சான். “ஆனால் மிச்ச வேலை இவன்ரை எல்லே. நான் நடந்து வாறன்.”

இன்றைக்கும் நான் வீட்டில் ஒரு ஆணி அடிக்கச் சுத்தியலை எடுத்தால், மச்சான் எழும்பி, நடந்து போகச் சப்பாத்தைப் போடுகிறார். பலெர்மோவில் எந்தத் தமிழரின் வாகனம் நின்றாலும் தொலைபேசி எங்கள் வீட்டில்தான் அடிக்கும். நான் எடுத்தால், “அண்ணை, சுகமோ? அக்காட்டைக் குடுங்கோ,” என்பார்கள். குடுத்துவிட்டு, அவ வெளிக்கிட முதல் கோப்பி போட்டு வைக்கிறேன். அதில் இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை.

பலெர்மோ, 3 பெப்ரவரி 2008, ஞாயிற்றுக்கிழமை.