உரிக்கக்கூடாத ஸ்டிக்கர்

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்று வாரமாக ஒரே பேச்சு. அதிர்வு ஐயா வருகிறார்! ஞாயிற்றுக்கிழமை காலை, கீழ்த்தளப் பொதுக்கூடத்தில், ஜாம் ஜாடிகளோடு வருகிறார்!

ஜாம் ஜாடியோடு வருகிறவர் கடைக்காரர்தானே என்று கேட்டுவிடாதீர்கள். கடைக்காரர் ஜாம் விற்பார். ஐயா ஜாமுக்கு உயிர் கொடுத்து விற்பார். அதனால்தான் விலை நாலு மடங்கு. உயிர் என்றால் சும்மாவா?

கூடம் பிதுங்கியது. மூட்டு வலிக்காரர் வந்திருந்தார். தூக்கம் வராதவர் வந்து முன்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தார். பிள்ளை எதையும் தின்ன மாட்டேனென்கிறான் என்று ஒரு தாய் வந்திருந்தாள். பிள்ளை அவள் மடியில் உட்கார்ந்து பிஸ்கட் பொட்டலம் ஒன்றைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தான். படித்தவர்களுக்கும் பஞ்சமில்லை. கல்லூரியில் ரசாயனம் நடத்தும் பேராசிரியர், தான் நடத்துகிற பாடத்தையெல்லாம் செருப்போடு வாசலில் கழற்றிவைத்துவிட்டு, பயபக்தியோடு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

ஐயா வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். தன்னை டாக்டர் என்று அவர் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. யாராவது சொன்னால் மறுத்ததும் இல்லை.

"உலகத்துல எல்லாமே அதிர்வுதான்," என்று தொடங்கினார். "கடையில விக்கிற பீனட் பட்டர், ஜாம் எல்லாம் செத்த அதிர்வு. என் கை மூணு தடவ மேல போச்சுன்னா உயிர் அதிர்வு. அப்புறம் அதுல இருக்கற சர்க்கரை ரத்தத்துல ஏறாது. பழத்தோட ஆன்மா மட்டும்தான் ஏறும்."

வேர்க்கடலைக்கு ஆன்மா உண்டா என்று யாரும் கேட்கவில்லை. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றாலே நம்புகிறவர்களுக்கு, கடலையில் ஆன்மா வடிவதை நம்ப என்ன கஷ்டம்?

ஐயாவின் சபையில் ஐயாவை விடப் பெரிய நட்சத்திரம் ஒன்று இருந்தது. அது ஒரு கை. மூன்றாவது மாடியில் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கும் தையல்காரம்மாவின் வலது கை.

ஐயா அவளை மேடைக்கு அழைத்தார். கடையில் வாங்கிய ஜாடி ஒன்றை இடது கையில் கொடுத்து, நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொன்னார். வலது கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொன்னார். "தாங்குங்கம்மா, விட்றாதீங்க" என்று மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து அமுக்கினார். கை பொத்தென்று விழுந்தது. கூட்டம் "ஐயோ!" என்றது. அடுத்து, தங்க நிற ஸ்டிக்கர் ஒட்டிய தன் ஜாடியைக் கொடுத்தார். மறுபடி அமுக்கினார். கை இரும்புக் கம்பியாக நின்றது.

"பாத்தீங்களா? லேபிள் பொய் சொல்லும், விளம்பரம் பொய் சொல்லும். உடம்பு பொய் சொல்லாது!"

கைதட்டலில் முன்வரிசைக்காரர் விழித்துக்கொண்டார். ஐயாவின் மைத்துனர் பணப்பெட்டியைத் திறந்தார்.

தையல்காரம்மா நடிக்கவில்லை. அதைச் சொல்லியே ஆக வேண்டும். அந்தக் கடை ஜாடியைத் தொட்டதும் தோளில் பலம் வடிந்ததை அவள் நிஜமாகவே உணர்ந்தாள். ஐயாவின் ஜாடியைத் தொட்டதும் நரம்பில் ஏதோ ஓடியதையும் உணர்ந்தாள். நாளெல்லாம் குனிந்து காலர் தைக்கிறவளை நாலு பேர் நிமிர்ந்து பார்த்தது அந்த மேடையில்தான். 'உங்க கை சாதாரணக் கை இல்லம்மா' என்று ஐயா சொன்ன அன்று, வீட்டுக்கு வந்து கையைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டாள்.

அன்று முதல் ஞாயிறுதோறும் கூட்டம், ஞாயிறுதோறும் அதே கை. போகும்போது ஐயா ஒவ்வொரு முறையும் எல்லோருக்கும் ஒரே ஓர் எச்சரிக்கை விடுத்தார். "ஸ்டிக்கரை மட்டும் உரிச்சுடாதீங்க. உரிச்சா சக்தி ஓடிடும்."

சக்தியைப் பசை போட்டு ஒட்டி வைத்திருந்தார் போலிருக்கிறது.

தையல்காரம்மாவின் கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். சர்க்கரை வியாதிக்காரர். இனிப்பைப் பார்த்தால் கண்ணில் நீர் விட்டுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு வருடக்கணக்கில் நல்ல பிள்ளையாக இருந்தவர். ஐயாவின் ஜாடி வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து அவருடைய விரதம் முடிந்தது. கொத்தனார் சுவருக்குச் சாந்து பூசுகிற மாதிரி ரொட்டியில் ஜாமைப் பூசினார். அதன்மேல் பீனட் பட்டரைப் பூசினார். பிறகு, ரொட்டி எதற்கு இடைஞ்சல் என்று கரண்டியிலேயே இறங்கிவிட்டார். ரத்தத்தில் ஏறாத இனிப்புக்கு மாத்திரை எதற்கு என்று அதையும் பாதியாக்கிக்கொண்டார்.

ஒருநாள் வேலையில் இரும்புத் தகடு நழுவிக் கால் கட்டைவிரலில் விழுந்தது. சின்னக் காயம்தான். ஆனால் ஆறவில்லை. நாளாக நாளாக விரல் கருத்தது. தாகம் என்றால் அப்படி ஒரு தாகம். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். மருத்துவமனைக்குப் போனபோது, ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"என்ன சாப்பிடறீங்க?"

"ஒண்ணும் தப்பா சாப்பிடல டாக்டர். சர்க்கரை ஏறாத ஜாம்தான்."

"அப்படி ஒரு ஜாமா? லேபிள்ல என்ன போட்டிருக்கு?"

தையல்காரம்மா குறுக்கே வந்தாள். "அது மேல ஸ்டிக்கர் இருக்கு டாக்டர். உரிக்கக் கூடாது."

டாக்டரம்மா முடிவுத் தாளை மேஜையில் வைத்தாள். "உங்களுக்கு ஸ்டிக்கரைக் காப்பாத்தணுமா, விரலைக் காப்பாத்தணுமா? இப்படியே போனா விரலை எடுக்க வேண்டியிருக்கும்."

செய்தி கேட்டு ஓடி வந்தாள் லிஃப்ட்காரரின் தங்கை. மிக்ஸி கம்பெனியில் புகார்ப் பிரிவில் வேலை. 'மிக்ஸி தானா வெடிச்சுது, நான் தண்ணியே ஊத்தல' என்கிற கதைகளை நாள் முழுக்கக் கேட்டு, சம்பளமும் வாங்குகிறவள். அண்ணிக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். வந்ததும் வராததுமாக ஜாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அண்ணி, உரிச்சுப் பாத்துடலாமே."

"தொடாத! அண்ணனுக்குக் கால் இப்படி இருக்கறப்ப சக்தியும் போகணுமா?"

"சக்தி பேப்பருக்கு அடியிலயா இருக்கு?"

"உனக்கு எல்லாமே கேலி. நான் சொல்றது காதால கேட்டது இல்ல, என் கையால உணர்ந்தது. அப்ப நான் பொய் சொல்றேங்கிறியா?"

"நீங்க பொய் சொல்லல அண்ணி. ஆனா எது எந்த ஜாடின்னு உங்களுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ரெண்டு பேருக்கும் தெரியாம இருந்தா கை என்ன சொல்லுதுன்னு பாக்கணும், அவ்வளவுதான்."

"பாத்தா? அப்பவும் நல்ல ஜாடிக்கு நிக்கும். நின்னா நீ அத்தனை பேர் முன்னாடியும் அவர்கிட்ட மன்னிப்புக் கேப்பியா?"

"கேக்கறேன். நிக்கலேன்னா?"

தையல்காரம்மா நேராக மெஷினில் போய் உட்கார்ந்தாள். நாத்தனாரின் மூக்கை உடைக்க வேண்டும் என்ற வேகத்தில் சீருடைத் துணி வெட்டி ஆறு பைகள் தைத்தாள். எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம், கனத்த துணி, வாய்ப்பக்கம் சுருக்குக் கயிறு.  

அடுத்த ஞாயிறு. கூட்டம் இரண்டு பங்கு. ஐயா அதிர்வைப் பற்றி ஆரம்பிக்கும் முன்பே தையல்காரம்மா மேடையேறினாள்.

"ஐயா, என் நாத்தனாருக்கு நம்பிக்கை வரணும். மூணு பையில உங்க ஜாடி, மூணுல கடை ஜாடி. பக்கத்து அறையில என் வீட்டுக்காரர் உட்கார்ந்து போட்டுக் கட்டியிருக்காரு. எது எதுன்னு எனக்கும் தெரியாது. நீங்க அமுக்கிச் சொல்லிடுங்க. இவ வாய் இன்னியோட அடையட்டும்."

இதைவிட உண்மையான பக்தை ஐயாவுக்குக் கிடைக்கமாட்டாள். பாவம், அவருடைய முகத்தில்தான் அந்த மகிழ்ச்சி தெரியவில்லை.

"துணி அதிர்வைத் தடுக்கும்மா," என்றார்.

கூட்டத்திலிருந்து நாத்தனார் மெல்லக் கேட்டாள். "கண்ணாடி தடுக்கல, மூடி தடுக்கல, துணி தடுக்குமா ஐயா? அண்ணி கட்டியிருக்கற புடவையத் தாண்டித்தானே போன வாரம் நெஞ்சுக்குள்ள போச்சு?"

சிலர் சிரித்துவிட்டார்கள். ரசாயனப் பேராசிரியர் சிரிக்கவில்லை. எதையோ நினைவுபடுத்திக்கொள்பவர் போல நெற்றியைத் தேய்த்தார். "அமுக்கிப் பாருங்கய்யா, உங்களுக்கென்ன பயம்?" என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. பக்தர்களின் குரல்தான். ஐயாவின் மேல் அவர்களுக்கு இருந்த நம்பிக்கை, ஐயாவுக்கே தன்மேல் இல்லை.

அமுக்கினார். முதல் பை, கை விழுந்தது. இரண்டாவது, கை நின்றது. மூன்றாவது பையை அணைத்தாள் தையல்காரம்மா. தோளில் பலம் வருகிறதா, போகிறதா? தேடிப் பார்த்தாள். ஒன்றுமே தெரியவில்லை. ஐயாவின் கண்ணைப் பார்த்தாள். அவரும் அவளுடைய கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், விடை அங்கே எழுதியிருக்குமோ என்று. அமுக்கும் விரல் ஒருமுறை மணிக்கட்டுக்குப் போயிற்று, ஒருமுறை முழங்கைக்கு வந்தது. நுனியில் அமுக்கினால் கை விழும், முழங்கையில் அமுக்கினால் நிற்கும்; இத்தனை நாளும் அந்த விரல் இப்படித்தான் இடம் மாறிக்கொண்டிருந்தது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆறும் முடிந்தது. லிஃப்ட்காரர் கட்டுப்போட்ட காலை இழுத்துக்கொண்டு வந்து பைகளைத் திறந்தார். கை நின்ற மூன்றில் இரண்டு, கடையில் வாங்கிய 'செத்த' ஜாடிகள். கை விழுந்த மூன்றில் இரண்டு, தங்க ஸ்டிக்கர் மின்னும் உயிர் ஜாடிகள்.

பின்வரிசைக்காரர்கள் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"இந்தம்மா மனசுல சந்தேகம் நுழைஞ்சுட்டுது," என்றார் ஐயா, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி. "சந்தேகக் கையில அதிர்வு நிக்காது."

அதுவரை தையல்காரம்மாவுக்கு அவர்மேல் கோபம் இல்லை; தன் கைமேல்தான் வெட்கம். இந்த வார்த்தையைக் கேட்டதும் கணவரின் காலைப் பார்த்தாள். கட்டுக்கு வெளியே கருத்த நகம் தெரிந்தது.

"சந்தேகமா? இந்த ஆறு பையையும் உங்களை நம்பித்தானே தைச்சேன்!"

சொல்லிவிட்டு, உயிர் ஜாடி ஒன்றை எடுத்து ஸ்டிக்கரின் ஓரத்தில் நகத்தை வைத்தாள்.

"உரிக்காதீங்க!" என்று ஐயா ஓடி வந்தார். தையல் பிரித்துப் பழகிய விரல், ஒரே இழுப்பு. சர்ரென்று வந்தது.

சக்தி ஓடியதோ என்னவோ, ஐயாவின் மைத்துனர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் பக்கம் ஓடியதை எல்லோரும் பார்த்தார்கள்.

ஸ்டிக்கருக்கு அடியில் இன்னொரு லேபிள் இருந்தது. பக்கத்திலிருந்த கடை ஜாடியில் இருந்த அதே லேபிள். அதே கம்பெனி, அதே படம். செத்ததும் உயிருள்ளதும் ஒரே தாய் பெற்ற பிள்ளைகள்! தையல்காரம்மா பொடி எழுத்தை வெளிச்சத்தில் பிடித்து உரக்கப் படித்தாள்.

"சர்க்கரை. குளுக்கோஸ் சிரப். ஆப்பிள் கூழ். நிறம். மணம்..." நிமிர்ந்தாள். "படத்துல இருக்கற ஸ்ட்ராபெரி எங்க?"

"படத்துலதான் இருக்கு அண்ணி," என்றாள் நாத்தனார். "எது அதிகமோ அதைத்தான் முதல்ல போடுவாங்க. முதல் பேரே சர்க்கரைன்னா அது பழ ஜாம் இல்ல, பழவாசனை போட்ட சர்க்கரை."

பீனட் பட்டர் ஜாடியையும் உரித்தாள். வேர்க்கடலை, சர்க்கரை, பாமாயில், கெட்டிப்படுத்திய தாவர எண்ணெய், உப்பு. ஆன்மா என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. பேராசிரியர் எழுந்து வந்து தானும் ஒருமுறை படித்தார். "குளுக்கோஸ்..." என்றார், பழைய சிநேகிதனை இரவல் சட்டையில் அடையாளம் கண்டவர் போல.

எல்லோரும் திரும்பிப் பார்த்தபோது, ஐயாவின் வெள்ளைக் கோட்டு மட்டும் நாற்காலியில் கிடந்தது. உள்ளே இருந்தவர் இல்லை. இவ்வளவு நடந்தும் ஒருவர் வந்து, "மிச்ச ஜாடியைப் பாதி விலைக்குத் தருவாங்களா?" என்று கேட்டார். அப்படிப்பட்டவர்கள் இருக்கும்வரை அடுத்த ஐயாவுக்கு வேலை இல்லாமல் போகாது.

லிஃப்ட்காரர் மாத்திரையை முழுதாகப் போட ஆரம்பித்தார். கரண்டியைத் தூர வைத்தார். நகம் போயிற்று, விரல் தப்பியது. புண் ஆற மாதக்கணக்கானது. கட்டு மாற்றும்போதெல்லாம் தையல்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாளே தவிர, அவர் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. ஒருநாள் அவரே சொன்னார்: "கரண்டி என் கையிலதானே இருந்துச்சு? நீ ஏன் அழற?"

அதன்பிறகு ஒரு சாயங்காலம் அண்ணியும் நாத்தனாரும் ஒன்றாகக் கடைக்குப் போனார்கள். இது ஒன்றுதான் உண்மையான அற்புதம். அலமாரி முன்னால் நின்று தையல்காரம்மா ஒவ்வொரு ஜாடியாகத் திருப்பினாள். 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று ஒன்று கொட்டை எழுத்தில் கூவியது. பின்னால் பார்த்தாள்: முதல் பெயரே அடர் திராட்சைச் சாறு.

"பாத்தியா, சர்க்கரைய வாசல்ல துரத்திட்டு, சாறுங்கற பேர்ல கொல்லைப்பக்கமா கூட்டிட்டு வந்திருக்கான்," என்று திரும்ப வைத்தாள்.

பழம் முதலில் நிற்கிற ஒரு ஜாடி கிடைத்தது. "இதுலயும் பழத்தோட இனிப்பு இருக்கு அண்ணி. ரொட்டிக்கு ஒரு சின்ன ஸ்பூன், அதுக்கு மேல வேண்டாம்," என்றாள் நாத்தனார். கடைசி வரிசையில், வேர்க்கடலை, உப்பு என்ற இரண்டே வார்த்தையோடு ஒரு பீனட் பட்டர் இருந்தது. மேலே எண்ணெய் மிதந்தது.

"இது கெட்டுப்போயிருக்கும்மா," என்று பின்னாலிருந்து ஒரு குரல். பிஸ்கட் பிள்ளையின் தாய்.

"கெட்டுப்போகல," என்றாள் தையல்காரம்மா. "எண்ணெய் பிரியாம இருக்கறதுக்குத்தான் மத்ததுல இன்னொரு எண்ணெயக் கெட்டியாக்கிப் போடறான். இதைக் கலக்கினா போதும்."

அந்தத் தாய்க்கு முகம் மலர்ந்தது. கையைக் கூப்பாத குறை. இன்னும் இரண்டு மூன்று பேர் கூடைகளோடு சூழ்ந்துகொண்டார்கள்.

"அம்மா, உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுதே! இனிமே நீங்களே எது நல்லதுன்னு சொல்லிடுங்க. நாங்க கண்ண மூடிக்கிட்டு வாங்கிக்கறோம்."

தையல்காரம்மா ஜாடியின் பின்பக்கத்தைத் திருப்பி அவளுடைய மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"கண்ண மூடிக்கிட்டு வாங்கித்தான் என் வீட்டுக்காரர் விரலை இழக்கப் பாத்தாரு. இந்தாம்மா, உங்களுக்குப் படிக்கத் தெரியும்ல? படிங்க. இது புரியறதுக்கு எந்த ஐயாவும் வேண்டாம், இந்த அம்மாவும் வேண்டாம். ரெண்டு கண்ணும், ரெண்டு காதுக்கும் நடுவுல இருக்கறதும் போதும்."