பொத்தான் கத்தியும் ஒற்றைக் கையும்

இந்த ஜூலை நான்காம் தேதி சுதந்திர தின விருந்தில் சகலை மெர்ல் வாயை அடைத்தே தீருவது என்று எல்வுட் முடிவு செய்துவிட்டான்.

போன வருடம் ஏரிக்கரை விருந்தில், தூண்டில் முள் இருந்த அட்டை உறையைப் பிரிக்கக் கத்தி இல்லாமல் பல்லால் கடித்து இழுத்தான். பல் தப்பித்தது. மானம் தப்பவில்லை. அன்று முதல் மெர்லுக்கு அவன் ‘பீவர்’. மரத்தைப் பல்லால் கொறிக்குமே, அந்தப் பிராணி. கிறிஸ்துமஸ் வாழ்த்துகூட அந்தப் பெயருக்குத்தான் வந்தது.

ஆகவே எல்வுட் ஒரு பொத்தான் கத்தி வாங்கினான். கறுப்புப் பிடி. பொத்தானைத் தொட்டால் போதும், மூன்று அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த அலகு ‘டக்’கென்று வெளியே நிற்கும். பென்சில்வேனியாவில் அதற்கிருந்த தடை நீங்கிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. கார் கொட்டகையில் நின்று அழுத்தினான். மடக்கினான். மறுபடி அழுத்தினான். ஐம்பத்தாறு வயதில் ஒருவன் ஒரு சத்தத்துக்காக இப்படி ஏங்கலாமா என்று தன்னையே கேட்டுக்கொண்டான். பதில் தெரியாததால் இன்னொரு முறை அழுத்தினான்.

“எல்வுட், என்ன அங்க டக்கு டக்குன்னு?”

“தாழ்ப்பாள், டார்லா.”

“எங்க, அந்தத் தாழ்ப்பாளக் காட்டு.”

அவன் மனைவி டார்லா பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். ஐம்பது பிள்ளைகளின் பொய்யைக் கண்ணாடியில் பார்த்தே பிடிப்பவள். கத்தியை வாங்கி ஒரு முறை அழுத்தினாள்.

“அழகாத்தான் இருக்கு. யாருக்குக் காட்டப் போற?”

“மெர்லுக்கு. ஒரே ஒரு தடவ.”

“மெர்ல் வீடு ஏரிக்கு அந்தக் கரை. அது நியூயார்க். அங்க இது பையில இருந்தாலே குத்தம்.”

“நம்ம பக்கம் செல்லும்ல?”

“செல்லும். பாதி ஏரி வரைக்கும்.”

“அதே தண்ணி, அதே மீனு!”

“மீனுக்குப் பையில்ல, எல்வுட்.”

“ஒரு வழிகூட இல்லியா?”

“இருக்கும். படிச்சுப் பாக்கறேன்.”

எல்வுட்டுக்குப் பொறுமை இல்லை. தானே தேடினான். கிடைத்துவிட்டது! நாடு முழுவதற்குமான சட்டத்தில் ஒரு விலக்கு: ஒற்றைக் கை உள்ளவர் மூன்று அங்குலத்துக்கு மேற்படாத பொத்தான் கத்தியை உடம்போடு எடுத்துச் செல்லலாம். பாவம், அவரால் சாதாரண மடக்குக் கத்தியை இரு கைகளாலும் விரிக்க முடியாதல்லவா. எழுதியவனின் இரக்கத்தை நினைத்து எல்வுட்டுக்குக் கண்ணே கலங்கியது.

விருந்துக்கு முந்தின நாள் கொட்டகையில் ஏணி சாய்ந்தது. எல்வுட்டின் அலறலும் கேட்டது. இரண்டுக்கும் நடுவே சிறிது நேரம் இருந்ததை டார்லா கவனித்தாள். இடது கைக்குத் துணியில் தொட்டில் கட்டிவிட்டாள். தங்கையை ஃபோனில் அழைத்து, “ஏணியிலருந்து விழுந்துட்டாரு. மெர்ல்கிட்டச் சொல்லு, கிண்டல் பண்ண வேணாம்னு” என்றாள்.

மறுநாள் பென்சில்வேனியாக் கரையில் படகு தயாராக இருந்தது. ஏறப் போனவனை டார்லா நிறுத்தினாள்.

“பையில இருக்கறத எடு.”

“கைக்குட்டை.”

“கைக்குட்டை ‘டக்’குங்காது. எடு.”

எடுத்தான். நெஞ்சை நிமிர்த்தி விலக்கை ஒப்பித்தான்.

“ஒரு கை மட்டுமே இருக்கறவருக்குன்னுதான் அதுல இருக்கு” என்றாள் டார்லா. “உனக்கு ரெண்டு இருக்கு. ஒண்ணு துணியில தூங்குது. அதுவும் அது வாஷிங்டன்ல போட்ட மத்தியச் சட்டம். நியூயார்க்குக்குத் தனிச் சட்டம். இல்ல, சட்டப்படிதான் போகணும்னா சொல்லு, ஒரு கைய இங்கயே கழட்டிட்டுப் போலாம்.”

எல்வுட் கத்தியை நீட்டினான். அப்படியே தொட்டிலையும் அவிழ்க்கப் போனான்.

“அத அவுக்காத. நீ விழுந்த கதை அங்க போயாச்சு. இப்ப கைய வீசிக்கிட்டுப் போனா மெர்ல் உனக்கு என்ன பேர் வெப்பான்?”

எல்வுட் யோசித்தான். பீவரே தேவலை என்று தோன்றியது. முடிச்சை இறுக்கிக்கொண்டான்.

டார்லா துடுப்புப் போட்டாள். ஏரி நடுவே, பக்கக் கரையில் எல்லைக்கு அடையாளமாக நின்ற பட்ட பைன் மரம் நேரே வருவதற்குச் சற்று முன்னால் துடுப்பை நிறுத்தினாள். தொப்பியில் குத்தியிருந்த நியூயார்க் மீன்பிடி உரிமத்தைச் சரிபார்த்தாள். தூண்டிலைத் தண்ணீரில் விட்டாள். பிறகு கத்தியைத் தன் பையில் போட்டுக்கொண்டு எல்லையைத் தாண்டினாள்.

“என்ன பண்ற?”

“மீன் பிடிக்கறேன். உரிமம் வெச்சிருக்கறவங்க மீன் பிடிக்கும்போது பயன்படுத்த இதை வெச்சுக்கலாம். நியூயார்க் சட்டத்துலயே இருக்கு. படிச்சுப் பாக்கறேன்னு சொன்னேன்ல?”

எல்வுட் கணக்குப் போட்டுப் பார்த்தான். அவன் ஒரு வாரம் தேடி ஏணியைச் சாய்த்து அலறினான். இவள் ஒரு நூலைத் தண்ணீரில் விட்டு ஒரு மாநிலத்தையே தாண்டிவிட்டாள். முப்பது வருடமாக இவளோடு குடித்தனம் நடத்தியும் தனக்கு ஏன் ஒன்றும் ஒட்டவில்லை என்று யோசித்தான். வருத்தத்தைவிடப் பெருமைதான் அதிகமாக இருந்தது.

மெர்லின் படகுத்துறையிலேயே மேசை போட்டிருந்தார்கள். டார்லா கரையேறவில்லை. துறை விளிம்பில் உட்கார்ந்து தூண்டிலைப் பிடித்துக்கொண்டாள். வந்ததும் வராததுமாக ஒரு பெரிய பாஸ் மீன் சிக்கியது. மெர்ல் கத்தி தேடி உள்ளே ஓடத் திரும்பினான்.

டக்.

மெர்ல் நின்றான். “டார்லா! என்ன அது! அம்மாடி! இன்னொரு தடவ!”

டக். டார்லா மீனைச் சுத்தம் செய்தாள். மெர்ல் கை தட்டினான். எல்வுட் தன் கனவு நனவாவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். கை தட்டலாம் என்றால் ஒன்றுதான் இருந்தது.

தட்டில் மான்கறி வந்தது. முரட்டுத் துண்டு. ஒற்றைக் கையால் எல்வுட் அதைத் தட்டைச் சுற்றி விரட்டினான்.

“பாவம், பல்லால கடிச்சு இழு பீவர்” என்றான் மெர்ல்.

“சும்மா இரு மெர்ல். அவருக்குக் கை சரியில்ல” என்றாள் டார்லா. தூண்டிலை மறுபடி தண்ணீரில் விட்டாள். கம்பை முழங்காலில் இடுக்கினாள். அடுத்த தூண்டிலுக்குப் புழு வெட்டுவதற்காகக் கத்தியை விரித்தாள். புழுவை வெட்டி, கத்தியை மடக்கிப் பையில் வைத்தாள். பிறகு மேசைக் கத்தியை எடுத்து, கறியைக் குழந்தைக்குப் போலப் பொடிப்பொடியாக நறுக்கி, முள்கரண்டியில் குத்தி நீட்டினாள்.

“வாயத் திற, எல்வுட்.”

எல்வுட் திறந்தான். அதற்கு மட்டும் எந்த மாநிலத்திலும் தடை இல்லை.