மட்டன் பிரதரின் சுரைக்காய்க் காலம்

பைபிளில் எந்த அதிகாரத்தில் என்ன சமையல் என்று விரல் நுனியில் வைத்திருக்கும் ஆள் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் கொரட்டூரில் எங்கள் அடுக்குமாடியில், என் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருக்கிறார். சர்ச்சில் எல்லாருமே பிரதர்தான். ஆனால் ‘மட்டன் பிரதர்’ என்றால் அவர் மட்டும்தான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிப் பல வருடம் ஆகிறது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நேராகக் கறிக்கடைக்குப் போவார். பன்னிரண்டு மணிக்கு எங்கள் மாடி முழுக்க மசாலா வாசனை வரும். அதை வைத்து நான் கடிகாரத்தைச் சரி செய்த நாள் உண்டு.

சைவம்தான் நல்லது என்று யாராவது வாய் திறந்தால் தொலைந்தார்கள்.

“எலியா தீர்க்கதரிசிக்குக் காக்கா இன்னா எட்தாந்துச்சு? காலைல கறி, சாயங்காலம் கறி. அந்தக் காலத்துலயே ஹோம் டெலிவரி, நைனா. ஏசா இன்னா ஆனான்? ஒரு கிண்ணம் பருப்புக்கு ஆசப்பட்டு மூத்த புள்ள உரிமையவே உட்டான். பருப்பு அவ்ளோ டேஞ்சரு. உயிர்த்தெழுந்து வந்த ஆண்டவரு மீன் சாப்ட்டாரா, வெண்பொங்கல் சாப்ட்டாரா?”

காக்கை ரொட்டியும் கொண்டு வந்ததே என்று போதகர் ஒருமுறை கேட்டுப் பார்த்தார். “பின்ன கொழம்ப எதுல தொட்டுக்கினு சாப்புட்றது, ஐயா?” என்று பதில் வந்தது.

இப்படி எதிரியே இல்லாமல் ஆண்டுகொண்டிருந்தவரின் எதிர்வீட்டுக்கு ஜெனிபா குடிவந்தாள். ஐ.டி. வேலை, நாகர்கோவில் பெண், அதே சர்ச். முதல் ஞாயிறே ஒரு கிண்ணம் குழம்போடு போய்க் கதவைத் தட்டினார் பிரதர்.

“நான் சைவம், அங்கிள்.”

பிரதர் கிண்ணத்தைப் பார்த்தார். அவள் கழுத்திலிருந்த சிலுவையைப் பார்த்தார். “கிறிஸ்டியன் தானேம்மா நீ?”

“ஆமா அங்கிள். ஏதேன் தோட்டத்துல கடவுள் காயும் பழமும்தானே சாப்பிடக் குடுத்தாரு? கறிக்கு அனுமதி கிடைச்சதே உலகத்தையே மூழ்கடிச்ச வெள்ளம் வடிஞ்ச பிறகுதான்.”

“நாம இன்னா ஏதேன்லயா கீறோம்? கொரட்டூர்ல கீறோம். இங்க வருசா வருசம் வெள்ளம்தான்.”

அன்றிலிருந்து படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம் சண்டை. தானியேல் மரக்கறி சாப்பிட்டுத்தானே பளபளவென்று ஆனார் என்பாள் அவள். அது பத்து நாள் டெஸ்ட்டு, அதோட முடிஞ்சுது என்பார் இவர். எனக்கு டி.வி. பார்க்கும் வேலையே இல்லாமல் போயிற்று.

பிறகு ஒரு ஞாயிறு, பன்னிரண்டு ஆகியும் வாசனை வரவில்லை. பன்னிரண்டரைக்கு என் மனைவி கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள். “பிரதருக்கு என்னமோ ஆயிடுச்சுங்க, போய்ப் பாருங்க.” அதற்குள் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, ஆம்புலன்ஸைக் கூப்பிடலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் கதவைத் தட்டினேன். பிரதர் பாதி சீவிய சுரைக்காயோடு வந்து நின்றார்.

“மெதுவா பேசு, நைனா. எதிர்வூட்டுப் பாப்பாவுக்கு மஞ்ச காமால. கறி வாசன பட்டாலே கொடலப் பொரட்டுது. அவங்கம்மா வெளிநாட்ல நர்சு, லீவு கெடைக்கல. காலைல ரெண்டு தபா மயங்கி உழுந்துட்ச்சு. எனக்குப் பயமா கீது.”

“அதுக்கு நீங்க ஏன் பட்டினி கிடக்கணும்? எங்க வீட்டுக்கு வாங்க, கறி செஞ்சு போடுறோம்.”

“வேணாம். நான் கறி துன்றது இன்னொருத்தருக்கு இடறலா இருந்தா தொடவே மாட்டேன்னு பவுல் ஒரு எடத்துல எழுதிகீறாரு. அம்பது வருசமா அந்த எடம் வந்தா பக்கத்தத் தள்ளிக்கினு போய்னு இருந்தேன். இப்ப மாட்டிக்கினேன்.”

ஏழு வாரம் அந்த மனிதர் கறிக்கடைப் பக்கமே போகவில்லை. ஜெனிபாவுக்கும் அவரே சமைத்தார். முதல் நாள் காய்கறி சூப்பில் கை பழக்கத்தில் பட்டையும் கிராம்பும் போட்டுவிட்டார். அவள் ஒரு வாய் குடித்து அப்படியே வாந்தி எடுத்தாள். பிரதர் படிக்கட்டில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். மறுநாள் கறி வாசனை படாத புதுப் பாத்திரம் வாங்கினார், என் மனைவியிடம் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டார், ஜெனிபா சாப்பிடுவதையே தானும் சாப்பிட்டார். சுரைக்காய், பூசணி, மோர். அவருடைய சட்டை இரண்டு சுற்றுத் தொளதொளத்தது.

ஜெனிபா தேறினாள். அடுத்த ஞாயிறு நான் கறிக்கடை வரிசையில் நிற்கும்போது, துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு வந்தாள். “அங்கிளுக்கு எது பிடிக்கும், சார்?” என்று கேட்டாள். “நெஞ்செலும்பு” என்றேன். தலையாட்டிவிட்டு எனக்குப் பின்னால் நின்றாள். நான் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அரைமணி கழித்துப் படியேறி வந்தாள். பையைத் தன் உடம்பில் படாமல் ஒரு முழம் தள்ளிப் பிடித்திருந்தாள். சத்தம் கேட்டு நானும் என் வீட்டு வாசலுக்கு வந்தேன்.

“நான் சாப்பிட மாட்டேன், அங்கிள். நீங்க சாப்பிடுங்க.”

பிரதர் பையைப் பிரித்துப் பார்த்தார். “கடையில நின்னியா நீ? கொமட்டலியா?”

“வாந்தியே வந்துச்சு. ஓரமா போய் எடுத்துட்டு, மறுபடி வரிசையில நின்னேன்.”

எதற்கும் ஒரு வசனம் வைத்திருக்கும் மனிதர் அன்று பையை வாசலிலேயே வைத்துவிட்டு, அவளுக்கு மோர் கலக்க உள்ளே ஓடினார். அந்த ஆளை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.